நாலு நாள் என்றால் பதினொரு நாள்: புதுக்கடை பைண்டிங் கடை, இரண்டு கொப்பிகள், காலி வரை ஒரு நடை

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். இப்படியான பதிவுகளில் விலை எங்கே எங்கே என்று தேடித் தேடிக் கடுப்பானவள் நான். நூலால் தைத்து ரெக்சின் அட்டை போட்ட ஏ6 அளவுக் கொப்பி, 192 பக்கம், 1,850 ரூபா. என்னிடம் கிடந்த உதிரித் தாள்களை ஒரே புத்தகமாகக் கட்டித் தந்ததற்கு 2,400 ரூபா. ஆயிரம் முற்பணம். பற்றுச்சீட்டு கேட்டபோது கடைக்காரர் அட்டை வெட்டிய துண்டு ஒன்றை எடுத்து, பின்பக்கம் தொகையை எழுதி, கையெழுத்தும் போட்டுத் தந்தார். அதை இன்னும் வைத்திருக்கிறேன், சரியான உறுதியான அட்டை.

கடைக்குப் பெயர் கிடையாது. இருந்த பலகை ஒரு காற்றில் விழுந்ததாம், பிறகு யாரும் மாட்டவில்லை. கொழும்பு புதுக்கடையில் நீதிமன்றங்களைச் சுற்றி இருக்கிற டைப் அடிக்கிறவர்கள், போட்டோக் கொப்பிக் கடைகள், முத்திரை விற்கிறவர்கள் எல்லாரையும் தாண்டி ஒரு சந்துக்குள் திரும்பினால் பசை மணக்கும். அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் சரி. உள்ளே ஒரு ஆள் திரும்பி நிற்கத்தான் இடம். சுவர் முழுக்கச் சட்டத்தரணிமாரின் தடித்த சிவப்புத் தொகுதிகள், முதுகில் தங்க எழுத்து, இடையிடையே கம்பஸ் பிள்ளைகளின் ஆய்வேடுகள். இரும்புத் திருகு வைத்த பழைய பிரெஸ் ஒன்று, தாள் வெட்டும் மெசின் ஒன்று, அதை இயக்குகிற சிங்களத் தம்பி ஒருவன், தைக்கிற கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இப்படித்தான் கூப்பிடுவது). ஆக அவ்வளவுதான்.

எனக்கு எதற்கு வக்கீல்மாரின் பைண்டிங் கடை என்று கேட்பீர்கள். அதற்கு 2022க்குப் போகவேண்டும்.

அந்த வருஷப் பொருளாதார நெருக்கடியில், மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லை, ஞாபகம் இருக்கும். எங்கள் வெள்ளவத்தை வீட்டில் அம்மம்மாவுக்கு அப்போது 81 வயது. காஸ் இல்லை, பால்மா இல்லை, பெற்றோல் வரிசை போய் முடியவில்லை, எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது ஒன்றே ஒன்று. பெப்ரவரியில்தான் சன் டிவியில் எதிர்நீச்சல் என்ற தொடர்நாடகம் தொடங்கியிருந்தது. வீட்டுப் பெண்களை அடக்கி வைக்கிற ஆதி குணசேகரன் என்ற அந்த மனுசனைத் திட்டாமல் அம்மம்மாவுக்கு நித்திரை வராது. திட்டுவதற்கு ஆள் வருகிற நேரம் பார்த்துக் கரண்ட் போகும். போனில் யூடியூபில் பார்த்திருக்கலாமே என்பீர்கள். போனில் சார்ஜ் இருந்தால்தானே? இருக்கிற கொஞ்சத்தையும் எங்கள் ஏரியாவுக்கு எத்தனை மணிக்கு வெட்டு என்று பார்க்க வைத்திருந்தோம்.

அதனால் மெழுகுதிரியை வைத்துக்கொண்டு நானே கதை சொல்லத் தொடங்கினேன். இன்றைக்கு இப்படித்தான் நடந்திருக்கும் அம்மம்மா, அவன் பெண்சாதி ஈஸ்வரி இப்படிச் சொல்லியிருப்பாள், அவன் இப்படிக் கத்தியிருப்பான். இரண்டு நாள் நன்றாகப் போனது. மூன்றாம் நாள் பிடிபட்டேன். "நேற்று ரேணுகா பச்சைச் சீலை எண்டாய், இண்டைக்கு அதே சண்டையில மஞ்சள் எண்டுறாய்." சரி, இனி எழுதி வைத்துக்கொள்வோம் என்று தாள் தேடினால் தாளும் இல்லை. அந்த மாதம்தான் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. தம்பியின் கணக்கியல் வினாத்தாள்களின் பின்பக்கம், பழைய கலண்டர் தாள், பார்மசி பில், ஒரு கலியாண அழைப்பிதழின் உட்பக்கம் என்று அகப்பட்டதில் எல்லாம் எழுதினேன். கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகு நிறுத்தலாம் என்று பார்த்தால் அம்மம்மா விடவில்லை. "அவையின்ர கதையை அவை கொண்டு போகட்டும். நீ உன்ரையைச் சொல்லு."

அப்படிச் சேர்ந்தவை 143 தாள்கள். நாடகத்தில் மதுரை வீட்டு மருமகள்மார் வாசல் கேற்றைத் தாண்டுவதற்கே கிழமைக்கணக்காகும். என் கதையில் ஆகஸ்ட் மாதமே நந்தினி பிரஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டாள். 2023 செப்டம்பர் 8ஆம் திகதி, குணசேகரனாக நடித்த மாரிமுத்து அந்த நாடகத்துக்கே டப்பிங் பேசிக்கொண்டிருந்த இடத்தில் சுகமில்லாமல் போய் இறந்துபோனார். நாங்கள் நல்லவரைப் பறிகொடுத்த மாதிரி இருந்தோம், அதுவரை திட்டின அம்மம்மாதான் கூட அழுதார். பிறகு வேல ராமமூர்த்தி வந்தார், நல்ல நடிகர்தான், ஆனால் அம்மம்மா "இது அவன்ர தமையன்" என்று சொல்லிவிட்டார். என் தாள்களில் மட்டும் பழைய குரல் அப்படியே இருந்தது. "ஏம்மா, ஏய்" என்று எழுதினால் போதும், கண்ணாடி இல்லாமலே அம்மம்மாவுக்குக் கேட்கும். வெள்ளவத்தை ரியூசன் பெடியள்கூட அப்போது அப்படித்தானே ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தார்கள். நாடகம் 2024 ஜூனில் முடிந்தது. என்னுடையது முடியவில்லை.

இனி மற்ற விஷயம். நான் நடக்கிறவள். தனியாக. மரைன் டிரைவில் பின்னேரம் நடந்து, அது கல்கிசை வரை நீண்டு, பிறகு ஒரு ஞாயிறு பாணந்துறை வரை போய் ரயிலில் திரும்பி வந்த நாளில்தான் காலி வரை நடந்தால் என்ன என்று தோன்றியது. வேல்ஸில் நாடு முழுக்கக் கடற்கரையைச் சுற்றி 1,400 கிலோமீட்டருக்கு நடைபாதை இருக்கிறது, 2012இல் திறந்தார்கள், வழி நெடுக அடையாளப் பலகை. நம் மலைநாட்டில்கூடப் பீக்கோ டிரெயில் என்று 300 கிலோமீட்டருக்கு மேல் குறி போட்ட பாதை வந்துவிட்டது. காலிக் கரையில் அப்படி ஒன்றும் இல்லை. மணல் இருக்கிற இடத்தில் மணல், கல் அடுக்கியிருக்கிற இடத்தில் உள் ஒழுங்கை, ஆறு குறுக்கே வந்தால் காலி வீதிக்கு ஏறிப் பாலம். கால் இருக்கிறது, காலி இருக்கிறது, அவ்வளவுதான் ஏற்பாடு.

நடக்கும்போது எழுத வேண்டும் என்பது என் பைத்தியம். காலடி ஒரு தாளத்துக்கு வந்துவிட்டால் பாத்திரங்கள் தானாகக் கதைக்கத் தொடங்கும், வீட்டில் மேசையில் இருந்தால் ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள். போனில் எழுதலாம் என்றால் பதினொரு மணி வெயிலில் திரையே தெரியாது, வியர்த்த விரலுக்கு எழுத்து விழாது, பற்றரி வரைபடத்துக்கு வேண்டும். ஒரு சாதாரணக் கொப்பியோடு பாணந்துறை போனபோது இடுப்புப் பையின் வியர்வையில் அட்டை பப்படமாகி, பின் அடித்த இடத்தில் துருப் பிடித்து, நடுத் தாள்கள் கழன்றுவிட்டன. அதனால்தான் தைத்த கொப்பி. கை அகலம் இருக்கவேண்டும், ஒரு கையால் விரித்துப் பிடித்தால் தானாக மூடிக்கொள்ளக் கூடாது, அட்டை தண்ணீர் குடிக்கக் கூடாது. 143 தாள்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு இரண்டு வேலைக்குமாக ஜனவரி கடைசியில் நானாவிடம் போனேன்.

நானா என் தாள்களை விரித்துப் பார்த்த விதத்திலேயே மனுசனுக்கு வேலை தெரியும் என்று விளங்கியது. வாசிக்கவில்லை, முதலில் ஓரத்தைத் தடவினார். "ஒவ்வொண்டும் ஒவ்வொரு சைஸ். வெட்டிச் சமன் செஞ்சா எழுத்துப் போயிரும். பக்கத்தால குத்தித் தெச்சா எழுத்து உள்ளுக்குப் போயிரும். ஓரம் வரைக்கும் எழுதி ஈக்கிதே மகள், ஏன் இப்பிடி?" தாள் இல்லாத காலத்தில் எழுதினது நானா என்றேன். தலையாட்டினார். அந்தக் காலத்தில் அவருக்கும் தாள் இல்லாமல் கடை பூட்டிக் கிடந்ததாம்.

பிறகு அவர் செய்ததுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. ஓரம் வரை எழுதிய தாள்களைத் தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் இடது விளிம்பிலும் ஒரு அங்குல அகலத்தில் மெல்லிய பட்டித்தாள் ஒட்டி, அந்தப் பட்டியில்தான் தையல் போட்டிருக்கிறார். கலண்டர் தாளுக்கும் பார்மசி பில்லுக்கும் கூட. அதனால் ஒரு எழுத்துக்கூட முதுகுக்குள் விழுங்கப்படவில்லை. இப்படிச் செய்யச் சொல்லி நான் கேட்கவும் இல்லை, அதற்குத் தனிக் காசு வாங்கவும் இல்லை. வேறு இரண்டு இடங்களில் முன்பு விசாரித்திருந்தேன். ஒரு இடத்தில் ஸ்பைரல் போடலாம் என்றார்கள், மற்ற இடத்தில் ஸ்கேன் பண்ணிப் பிரின்ட் எடுத்து வாருங்கள் என்றார்கள். பார்மசி பில்லை ஸ்கேன் பண்ணினால் அது பார்மசி பில்தான், அம்மம்மாவின் பிரஷர் குளிசைப் பெயருக்கு மேலாக ஜனனி அழுதுகொண்டு போகிற தாள் ஆகாது.

சரி, குறை. "நாலு நாள் மகள், வெள்ளிக்கு முந்தி வாங்க" என்றார். நாலாம் நாள் போனேன், பிரெஸ்ஸில் இருக்கிறது என்றார். ஆறாம் நாள் போனேன், நூல் முடிந்துவிட்டது. எட்டாம் நாள் கடையே பூட்டு. பத்தாம் நாள் போன் எடுத்தால் யாரோ ஒரு பெண்பிள்ளை எடுத்து "வாப்பா தொழப் போயிட்டாங்க" என்றாள். பதினோராம் நாள்தான் கைக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கிப் புதுக்கடைக்கு நடந்து போய்ப் பாருங்கள், காலி நடைக்கு அதுவே பயிற்சி. அவசரமாக ஆய்வேடு கட்டக் கொடுக்கிறவர்கள் ஒரு பொய்த் திகதி சொல்லிக் கொடுங்கள். உண்மைத் திகதி சொன்னால் பட்டம் தள்ளிப்போகும்.

இன்னொரு குறையும் உண்டு, குறையா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து புரட்டினபோது மூன்று தாள்கள் இடம் மாறியிருந்தன. நான் பக்க எண் போடவில்லை, வரிசையாக அடுக்கிக் கட்டிக் கொடுத்தேன், அப்படியே கட்டுவார் என்றுதான் நினைத்தேன். ஈஸ்வரி வீட்டை விட்டு வெளிக்கிடுகிற இடத்துக்கு முன்னால் அவள் மகளுக்கு எழுதும் கடிதம் வந்து நிற்கிறது. அடுத்த நாள் போன் எடுத்துச் சொன்னேன். நானா பதறவில்லை. "அது நான் மாத்தினது. கடிதத்தை எழுதி வெச்சிட்டுத்தானே போவா? போயிட்டு எழுதுவாவா?" அரை நிமிஷம் பேச்சு வரவில்லை. அவர் சொல்வது சரி. மூன்று வருஷமாக எனக்கும் தெரியவில்லை, பிழை பிடிக்கிற அம்மம்மாவுக்கும் தெரியவில்லை. இதோடு விட்டாரா? "பொறகு அந்தக் கலியாணக் காட்டுல குணசேகரன் மன்னிப்புக் கேக்கிறான் எண்டு எழுதி ஈக்கிது. அவன் கேக்கமாட்டான் மகள். எங்கட வீட்டுலயும் அந்த நாடகம் ஓடினதுதான், எனக்குத் தெரியும்." தைக்கக் கொடுத்தால் விமர்சனமும் சேர்த்துத் தருகிற கடை. தங்கள் எழுத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறவர்கள் இங்கே கொண்டுபோகாதீர்கள்.

இப்படி நாடகப் பாத்திரத்தை எடுத்து வேறு கதை எழுதுவது நான் கண்டுபிடித்த வேலை இல்லை என்று அவருக்குச் சொன்னேன். அமெரிக்காவில் 1967இலேயே ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் ஸ்பொக் என்ற ஒரு பாத்திரத்தின் பெயரிலேயே தாங்களாக எழுதி அச்சடித்துச் சஞ்சிகை போட்டார்கள், தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். அதைக் கேட்டதும் நானா கேட்ட ஒரே கேள்வி, "பின் அடிச்சதா, தெச்சதா?"

இனிக் கொப்பி நடந்த கதை. மார்ச் மாதம், ஏழு நாள், கிட்டத்தட்ட 110 கிலோமீட்டர். ஏன் மார்ச் என்றால் மே மாதம் தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் இந்தப் பக்கக் கடல் மனுசரை அண்டவிடாது. வற்றுப்பெருக்கு நம் கரையில் ஒரு மீட்டருக்கும் குறைவு, அதனால் மேல்நாட்டு நடைக்காரர் மாதிரி வற்று அட்டவணை பார்க்கத் தேவையில்லை, ஆனால் அலையைப் பார்க்கவேண்டும், அங்குலானைப் பக்கம் அடுக்கியிருக்கிற கருங்கல்லில் ஏறி நடக்க ஆசைப்படக் கூடாது, பாசி. ரயில் பாதையில் நடக்கவே வேண்டாம். 1894இல் காலிக்குப் போய்ச் சேர்ந்த பாதை அது, பல இடத்தில் கடலுக்கும் அதற்கும் நடுவில் நாலு கல்தான், அலைச் சத்தத்தில் பின்னால் ரயில் வருவது கேட்காது. அதோடு அது சட்டப்படி குற்றமும்.

முதல் நாள் பாணந்துறை. கொப்பி இடுப்புப் பையில், வியர்வை நேராக அதில். இரவு எடுத்துப் பார்த்தேன், ரெக்சின் ஈரத்தைத் துடைத்தவுடன் புதிதாக நின்றது. விளிம்பில் மட்டும் உப்புக் கோடு. இரண்டாம் நாள் வாதுவை தாண்டிக் களுத்துறை. களு கங்கைப் பாலத்தில் நின்று எழுதினேன். பாலத்தடிப் போதி விகாரையில் பஸ்காரர் நிறுத்திக் காசு போட்டுவிட்டுப் போகிற சத்தத்துக்கு நடுவே, ஒரு கையில் தண்ணீர்ப் போத்தல், மறு கையின் பெருவிரலால் கொப்பியை விரித்துப் பிடித்தபடி. இதைத்தான் நான் கேட்டிருந்தேன். 16 பக்கக் கட்டுகளாக மடித்து, ஒவ்வொரு கட்டின் நடுவிலும் நூல் போயிருப்பதால் எந்தப் பக்கத்தில் திறந்தாலும் தட்டையாகப் படுக்கிறது. நடுவில் இழுத்துப் பார்த்தேன், நூல் மெழுகு பூசியது, அசையவில்லை.

தாள் 80 ஜி.எஸ்.எம். குமிழ்முனைப் பேனைக்குத் திறம். ஜெல் பேனை கொண்டு போய்விடாதீர்கள், என் முதல் நாள் பக்கங்கள் எல்லாம் வியர்வைக் கையால் நீலச் சாந்தாகிவிட்டன. இது கடையின் பிழை இல்லை, என் ஆடம்பரம்.

மூன்றாம் நாள் பேருவளை. நோன்பு காலம். பயாகலை, மக்கொனை என்று சிங்களத்திலேயே வழி கேட்டுக்கொண்டு வந்த வாய்க்குப் பேருவளையில் திடீரென்று தமிழ் கிடைத்தது. கெச்சிமலைப் பள்ளிவாசல் கடலுக்குள் நீட்டி நிற்கிற பாறையில் வெள்ளையாக இருக்கிறது, அதைப் பார்த்தபடி ஒரு ஒழுங்கையில் களைத்துப்போய் இருந்தபோது ஒரு தாத்தா, இங்கே முஸ்லிம் அக்காமாரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவது, உள்ளே கூப்பிட்டு நோன்புக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். கஞ்சி ஒரு துளி கொப்பியின் மேலட்டையில் சிந்தியது. துடைத்தேன், போய்விட்டது, ஆனால் இன்றைக்கும் மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் றம்பையும் உள்ளியும் மணக்கிறது. அதே பேருவளையில்தான் கொப்பியைச் சுற்றிப் போடுகிற இலாஸ்டிக் பின்னட்டையிலிருந்து பிய்ந்து வந்தது. மூன்றே நாள். அட்டைக்குள் ஒட்டிமட்டும் விட்டிருக்கிறார், தைக்கவில்லை. மற்றதெல்லாம் தைத்த மனுசன் இதை ஏன் ஒட்டினார்? மீதி நாலு நாளும் தலைமயிர் கட்டுகிற இறப்பர் பாண்டால் கட்டிக்கொண்டுதான் திரிந்தேன்.

நாலாம் நாள் பெந்தோட்டைப் பாலம் தாண்டித் தென் மாகாணத்துக்குள் போன பிறகு, இந்துருவையில் மழை பிடித்தது. பின்னேர இடிமழை, கண் மூடித் திறக்க முன் நனைத்துவிட்டது. ஓடிப்போய் ஒரு தெம்பிலி (செவ்விளநீர்) கடையின் தகரத்துக்குக் கீழே நின்றேன். கொப்பியின் மூன்று விளிம்பிலும் ஈரம், ஆனால் உள்ளே விரல் நுனி அகலத்துக்குத்தான் போயிருந்தது. காய்ந்த பிறகு அந்தப் பக்கங்கள் அலை அலையாக நெளிந்துவிட்டன, எழுத்து போகவில்லை. தெம்பிலி விற்கிற அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏழு நாளும் எல்லாரும் கேட்ட அதே இரண்டு கேள்வி. "கொஹெத யன்னே? தனியமத?" எங்கே போகிறாய், தனியாகவா. காலிக்கு, நடந்து, தனியாக. பிறகு கொப்பியைக் காட்டி என்ன எழுதுகிறாய் என்றார். என் உடைந்த சிங்களத்தில் சொன்னேன், டெலி நாடகத்தில் ஒரு பெண் இருக்கிறாள், வீட்டை விட்டு வெளியே போக விடமாட்டார்கள், அவளை நான் காலிக்கு நடத்திக்கொண்டு போகிறேன். அவர் தெம்பிலி சீவுவதை நிறுத்தவில்லை. "இத்திங் மஹத்தயா?" அப்ப புருஷன்? வீட்டில், என்றேன். "சமைக்கத் தெரியுமா?" தெரியாது. அப்படிச் சிரித்தார், கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்து, அம்பலாங்கொடையிலிருந்தாவது அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிடு, அந்தப் பக்கம் நிழல் இல்லை, பாவம் என்றார். தெம்பிலிக்குக் காசு சரியாகத்தான் எடுத்தார்.

அவர் சொன்னது உண்மை, அம்பலாங்கொடைக்கு அங்கால் நிழல் குறைவு. ஆனால் ஈஸ்வரி பஸ் ஏறவில்லை. நந்தினிதான் ஏறினாள், பலப்பிட்டியில், குக்கரோடு.

ஆறாம் நாள் தெல்வத்தையில், பெரலியவில், ஒன்றும் எழுதவில்லை. 2004 டிசம்பர் 26இல் அலை ரயிலை அடித்துக்கொண்டு போன இடம், ஆயிரத்துக்கு மேற்பட்ட சனம். நினைவுத்தூண் வீதியோரமாகவே நிற்கிறது. என் நாடகப் பெண்கள் யாரையும் அங்கே கூட்டிப் போக மனம் வரவில்லை. அந்தப் பக்கத்தில் திகதியும் நேரமும் மட்டும் இருக்கிறது, கதை அடுத்த பக்கத்தில் ஹிக்கடுவையில்தான் திரும்பத் தொடங்குகிறது. ஏழாம் நாள் தொடந்துவை, கிந்தோட்டைப் பாலம், பிறகு காலிக் கோட்டை மதில். 192 பக்கத்தில் 171 முடிந்திருந்தது. இடது கால் சின்ன விரல் நகம் கறுத்துவிட்டது. தையல் ஒன்றுகூட விடவில்லை.

தாள்களைக் கட்டின பெரிய புத்தகத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பாரம். அம்மம்மாவுக்கு மடியில் வைத்துப் பிடிக்க முடியவில்லை, தலையணையில் சாய்த்து வைத்துத்தான் புரட்டுகிறார். வயதானவர்களுக்குக் கொடுக்கிறதென்றால் இரண்டு பாகமாகக் கட்டச் சொல்லுங்கள், எனக்கு அந்தப் புத்தி வரவில்லை, நானாவும் சொல்லவில்லை. மைதாப் பசை என்பதால் கரப்பான் வரும் என்று பயந்து நாப்தலீன் உருண்டை போட்டோம், இப்போது நாடகம் முழுக்க அந்த மணம். முதுகில் தங்க எழுத்தில் என்ன போட என்று நானா கேட்டபோது அவசரத்தில் "2022" என்று மட்டும் சொல்லிவிட்டேன். வக்கீல் புத்தகம் மாதிரியே இருக்கிறது. வீட்டுக்கு வந்த ஒரு சித்தப்பா அதைப் பார்த்துவிட்டுக் காணி வழக்கு ஏதாவதா என்று கேட்டார். அம்மம்மா ஓம் என்றார்.

மற்றபடி யாருக்கு இந்தக் கடை? ஒரே அளவுத் தாள், ஒழுங்கான வேலை, குறித்த நாளில் வேண்டும் என்றால் கொழும்பில் வேறு எத்தனையோ இடம் இருக்கிறது. கந்தல் தாள், பழைய கடிதம், ஆச்சியின் சமையல் குறிப்பு, இப்படி ஒன்றோடொன்று சேராததைச் சேர்க்கவேண்டும் என்றால் அந்தப் பசை மணத்தைத் தேடிப் போங்கள். நடைக்கொப்பி வாங்கினால் இலாஸ்டிக்கைக் கண் முன்னாலேயே தைக்கச் சொல்லுங்கள். காசு ரொக்கமாகக் கொண்டுபோங்கள், கார்ட் எல்லாம் கிடையாது. வெள்ளி மத்தியானம் போய் நிற்காதீர்கள்.

பெருநாள் முடிந்த கிழமை இலாஸ்டிக் தைக்க நடைக்கொப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐந்து நிமிஷ வேலை, நின்று வாங்கிப் போகிறேன் என்றேன். "வெச்சிட்டுப் போங்க மகள், நாலு நாள்" என்றார். ஐந்தாம் நாள் போன் எடுத்தேன், ஊசி உடைந்துவிட்டதாம். ஒன்பதாம் நாள் அந்த மகள்தான் எடுத்தாள். வாப்பா இல்லை என்றுவிட்டு, வைக்கப் போனவள் வைக்காமல், "ஆன்ட்டி, பலப்பிட்டியில பஸ் ஏறின நந்தினி எங்க எறங்கினா? உம்மா கேக்கச் சொன்னாங்க" என்றாள். இன்றைக்குப் பதினாறாம் நாள்.